பழைய ஊஞ்சலும் புதிய காண்ட்ராக்டும்

சென்னை மாநகராட்சி மன்றத்தில் 2024 அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மாநகராட்சி செயற்கைப் புல் விரித்து அமைத்த ஒன்பது கால்பந்துத் திடல்களைப் பராமரிப்புக்கென்று தனியாரிடம் ஒப்படைப்பது. விளையாட வருகிற ஒவ்வொருவரிடமும் மணிக்கு ரூ.120 வசூலிப்பது, வசூலில் மாநகராட்சிக்கும் ஒரு பங்கு. இதுதான் தீர்மானத்தின் சாரம். செய்தி வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பிற்று. விளையாட்டு வீரர்கள் பேசினார்கள், கட்சிகள் பேசின, தாய்மார்கள் பேசினார்கள். ஓரிரு நாளில் தீர்மானம் கைவிடப்பட்டது. கட்டணமின்றி விளையாடலாம் என்று மேயர் பிரியா அறிவித்தார்.

இது மக்களின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் வெற்றி என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது உழைப்பாளி மக்களுக்கு நல்லதல்ல. தீர்மானம்தான் வாபஸ் ஆயிற்று. அதைப் பெற்றெடுத்த எண்ணம் வாபஸ் ஆகவில்லை. அந்த எண்ணம் எந்த வழியாக உள்ளே வந்தது என்று பார்க்க வேண்டும்.

வெறும் மண் திடலுக்கு மணிக்கு ரூ.120 கேட்க எவனுக்கும் துணிச்சல் வராது. முதலில் திடலைப் 'புதுப்பிக்க' வேண்டும். பழசு, பாழடைந்தது, ஆபத்தானது என்று சொல்லி, பளபளப்பான சாமான்களைக் கொண்டுவந்து நிறுவ வேண்டும். திறப்பு விழா நடக்கும்; எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஓராண்டு கழித்து, "இவ்வளவு விலை உயர்ந்த சாமானைப் பராமரிக்க ஆள் இல்லை, பணம் இல்லை" என்ற பேச்சு எழும். அதற்குப் பிறகு, "தனியாரிடம் விட்டால் சுத்தமாக வைத்திருப்பார்கள்" என்பார்கள். கடைசியில் வாயிலில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். மேலே ஏறி நின்று திரும்பிப் பார்த்தால்தான், ஊர்ச் சொத்து கையைவிட்டுப் போனது தெரியும்.

விருத்தாசலத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். விருத்தாசலத்தில்தான் பேச வேண்டும். சென்னையில் ஒரு தீர்மானம் நிறைவேறினால் மறுநாள் பத்திரிகை எல்லாவற்றிலும் வரும். எதிர்ப்பும் உடனே பிறக்கும். 33 வார்டுகள் கொண்ட, 2011 கணக்கெடுப்பில் 73 ஆயிரத்துக்கு மேல் ஜனத்தொகை இருந்த நம் ஊர் நகரசபையில் அப்படி ஒரு தீர்மானம் வந்தால் யார் எழுதப் போகிறார்கள்? நம் ஊரில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலும் இது செராமிக் தொழிலாளர்கள் வாழும் ஊர். மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூளைச் சூட்டில் வேகவைத்து, அகல் விளக்கும் பொம்மையும் குவளையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் செய்து அனுப்புகிற ஊர். வெளியூர்க் குழந்தை கொலுப்படியில் கண்டு மகிழ்கிற பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற கைகள் இங்கே இருக்கின்றன. அந்தக் கைகளுக்குரியவளின் சொந்தக் குழந்தை மாலையில் எங்கே விளையாடுகிறது என்று கேட்டால், தெருவில் என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். ஒற்றை அறை வீடு, குறுகிய சந்து, பாய்ந்து வரும் மோட்டார் சைக்கிள். கார் வைத்திருப்பவன் பிள்ளையைக் கட்டணம் கட்டும் இடத்துக்கு அழைத்துப் போவான். உழைப்பாளியின் பிள்ளைக்கு நகரசபைப் பூங்கா ஒன்றுதான் உண்டு. அதிலும் பட்டறையின் புழுதியிலும் சூளையின் வெப்பத்திலும் பகலைக் கழிக்கும் குடும்பங்களுக்கு, நல்ல காற்று வாங்க ஒரு மரத்தடி வேண்டும் என்பது ஆடம்பர ஆசை அல்ல.

நிற்க. பழைய விளையாட்டுச் சாமான்களை மாற்றவே கூடாது என்று நாம் சொல்கிறோமா? ஒருபோதும் இல்லை. நம் ஊருக்கே பழமலை, முதுகுன்றம் என்று பெயர்; பழமையில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் சறுக்கு மரம் பழமலையாக இருக்கக் கூடாது.

இரும்புச் சாமான் எங்கே சாகிறது என்பது வெல்டிங் பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற மேல்பகுதியில் அல்ல. கம்பம் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில். தண்ணீர் அங்கேதான் தேங்கும், துரு அங்கேதான் தின்னும். மேலே புது வர்ணம் மின்னும். அடியில் கம்பம் காகிதம் போல் மெலிந்து நிற்கும். ஊஞ்சல் சங்கிலி அறுவது நடுவில் அல்ல, கொக்கியில் மாட்டும் கடைசி வளையத்தில். தேய்ந்து தேய்ந்து பாதியாகிவிட்ட வளையத்தை விரலால் தடவினாலே தெரியும். குறுக்குக் கம்பிகளுக்கு இடையே உள்ள சந்து ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல், இருபத்து மூன்றுக்குக் கீழ் இருந்தால், சிறு குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். இதைப் பல நாடுகளின் பாதுகாப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. இப்படிப்பட்ட சாமானைப் 'பழசானாலும் இருக்கட்டும்' என்று விட்டு வைப்பது குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும். ஆண்டுக்கு ஒரு தடவை வர்ணம் பூசிக் கணக்கு எழுதுவது பராமரிப்பு அல்ல, கண்துடைப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு அடிபடுவது பெரும்பாலும் சாமானால் அல்ல, விழுகிற தரையால். ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் அடியில் ஒரு அடி ஆழத்துக்கு மணல் இருந்தால் விழுந்த பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்திருக்கும். நமது நகரசபைகளோ 'அழகுபடுத்தும் பணி' என்றாலே பேவர் பிளாக் கல்லைத்தான் எண்ணுகின்றன. காண்ட்ராக்டருக்கு அளந்து பில் போட வசதி. குழந்தையின் மண்டைக்குத்தான் வசதி இல்லை. புதிதாக ஒரு லட்ச ரூபாய்ச் சாமானை வாங்கிக் கல் தரையில் நிறுத்துவதைவிட, இருக்கிற சாமானைச் செப்பனிட்டு அடியில் மணல் கொட்டுவது மேல். மணலில் கமிஷன் குறைவு என்பதால்தானோ என்னவோ, எஸ்டிமேட்டில் அது ஏறுவதில்லை!

ஆகவே மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும். எதை வைப்பது, யார் செய்வது, யார் பணம் தருவது, பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற நான்கு கேள்விகளில்தான் அரசியல் இருக்கிறது.

இப்போது ஊர் ஊராக நிறுவப்படுவது கம்பெனி அட்டவணையில் பார்த்து வாங்கும் பிளாஸ்டிக், ஃபைபர் சாமான். யானை வடிவம், கோட்டை வடிவம், சிவப்பு, மஞ்சள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நமது சித்திரை வெயிலில் ஃபைபர் வெளுத்து, வெடித்து, நார் நாராகக் கிளம்பும். குழந்தையின் தோலில் குத்தும். ஒரு துண்டு உடைந்தால் உள்ளூரில் உதிரி கிடைக்காது. கம்பெனிக்கு எழுத வேண்டும். கம்பெனி பதில் போடாது. உடைந்த சாமானைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரும்புச் சாமானுக்கும் குறை உண்டு, வெயிலில் கொதிக்கும். ஆனால் அதை ஒரு வேப்ப மரமோ புங்க மரமோ தீர்த்துவிடும். கைதேர்ந்த வெல்டர் ஒருவர் அரை நாளில் அதைச் சரிசெய்துவிடுவார்.

உலகில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1947இல், நமக்கு விடுதலை கிடைத்த அதே ஆண்டில், யுத்தத்தில் நொந்துபோன ஆம்ஸ்டர்டாம் நகரம் குழந்தைகளுக்கான திடல்களை அமைக்கத் தொடங்கியது. மாநகராட்சியில் வேலை பார்த்த ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் அவற்றை வகுத்துக் கொடுத்தார். கான்கிரீட் விளிம்பு கட்டிய மணல் தொட்டி, வளைத்த இரும்புக் கம்பி, தாவிக் குதிக்கச் சில கான்கிரீட் கட்டைகள். அவ்வளவுதான். கோட்டையும் இல்லை, யானையும் இல்லை. இடிந்த வீட்டு மனைகளிலும் தெரு முனைகளிலும் அவற்றை அமைத்தார்கள். எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று ஜனங்கள் நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கு மேற்பட்ட திடல்கள் எழுந்தன. அதற்கும் முன்னால், 1943இல், ஜெர்மன் படையின் பூட்ஸ் காலடியில் டென்மார்க் கிடந்தபோது, கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரூப் தொழிலாளர் குடியிருப்பில் பிள்ளைகள் பலகையும் செங்கல்லும் கொண்டு தாங்களே கட்டி விளையாடும் திடல் ஒன்று பிறந்தது. விலை உயர்ந்த சாமானைவிட மண்ணும் மரமும் தண்ணீரும் குழந்தைக்குப் பிடிக்கும் என்பதை அது உலகத்துக்குக் காட்டிற்று. களிமண்ணில் பிழைக்கிற நம் ஊருக்கு இதைப் பிறர் சொல்லித்தரத் தேவையில்லை.

அப்படியானால் யார் செய்வது? இரும்பு வேலைக்கு நம் ஊர்ப் பட்டறைகள் இருக்கின்றன. இருக்கைக்கும் சுற்றுச் சுவருக்கும் செராமிக் தொழிற்பேட்டையின் ஓடும் வில்லையும் இருக்கின்றன. உடைந்தும் கழித்தும் போட்ட செராமிக் துண்டுகளை விளிம்பு தேய்த்துப் பதித்தால், வெளியூர்க் கம்பெனியின் யானையைவிட அழகாக நம் ஊர் யானை சுவரில் நிற்கும். காலடியில் மட்டும் மெருகிட்ட வில்லை வேண்டாம், மழையில் வழுக்கும். இதையெல்லாம் சொன்னால், "டெண்டர் விதி இடம் தராது" என்று அதிகாரிகள் சால்ஜாப்பு சொல்லக்கூடும். ஒரே கம்பெனியின் அட்டவணையில் மட்டுமே உள்ள சாமானைக் குறிப்பிட்டு டெண்டர் எழுத இடம் தருகிற விதி, உள்ளூர்ப் பட்டறையும் பங்கெடுக்கும்படி எழுதத் தடை போடுமா? விதி ஒன்றுதான், எழுதுகிற கை வேறு.

பணம் பற்றிய கேள்விக்கு வருவோம். நகரசபையிடம் பணம் இல்லை என்பது பாதி உண்மை. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் வீட்டு வரி, சொத்து வரி 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. ஏன் என்று கேட்டபோது, வரியை உயர்த்தினால்தான் மத்திய நிதிக் கமிஷனின் மானியம் கிடைக்கும் என்று மாநில சர்க்கார் கை விரித்தது. டில்லி நிபந்தனை போட்டது, சென்னை உத்தரவு போட்டது, நாம் பணம் கட்டினோம். உயர்த்தின வரியைக் கட்டிவிட்ட தொழிலாளி, அதே ஊர்த் திடலில் தன் பிள்ளை ஊஞ்சலாட மறுபடியும் காசு தர வேண்டும் என்றால் அதற்கு இரட்டை வரி என்று பெயர்.

2021இல் நகரங்களுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்ட 'நமக்கு நாமே' திட்டத்தையும் இங்கே எடை போட வேண்டும். பூங்கா, திடல் போன்ற வேலைகளுக்குச் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் திரட்டிக் கொடுத்தால் மிச்சத்தைச் சர்க்கார் போடும். ஜனங்களின் பங்கேற்பு என்ற நோக்கத்தைக் குறை சொல்ல நாம் தயாராக இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம் முன்னே வைக்க வேண்டும். வியாபாரிகளும் டாக்டர்களும் வசிக்கும் நகரில் இரண்டு வாரத்தில் வசூலாகும். சூளைத் தொழிலாளியின் தெருவில் இரண்டு ஆண்டானாலும் ஆகாது. முடிவில், ஏற்கெனவே மரமும் இருக்கையும் உள்ள இடத்துக்குப் புது ஊஞ்சலும், ஒன்றுமே இல்லாத இடத்துக்கு ஒன்றுமின்மையும் கிடைக்கும். அல்லது ஒரு தனவந்தர் வந்து பணத்தைக் கொடுத்து, ஊஞ்சலை விடப் பெரிதாகத் தன் பெயர்ப் பலகையை மாட்டுவார். குழந்தைகள் விளையாடும் உரிமை தர்மகர்த்தாவின் கருணையில் தொங்க வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டு குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவில் விளையாட்டு ஓர் உரிமை என்று எழுதப்பட்டிருக்கிறது. 1992இல் இந்திய சர்க்கார் அதை ஏற்றிருக்கிறது.

நம் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் பொதுத்துறைக் கம்பெனி உருவாகி, பிறகு நகரியம் எழுந்தபோது, வட்டம் வட்டமாகப் பிரித்து, வீட்டோடு பள்ளிக்கும் திடலுக்கும் இடம் விட்டார்கள். தொழிலாளி குடியிருக்கும் ஊரில் திடலும் இருக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் நினைத்தால் அது நடக்கும். அந்த நகரியத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்தானுக்கும், சுரங்கத்தில் இறங்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அந்த நிழலில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்பது வேறு கதை. அது தனியே எழுதத்தக்கது.

பராமரிப்பு என்ற நான்காவது கேள்வியில்தான் தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போட, மணலைக் கிளறிக் கண்ணாடித் துண்டு பொறுக்க, விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நிரந்தரத் தொழிலாளியாக, எந்த வளையம் தேய்கிறது என்று நாள்தோறும் பார்த்து வருகிறவராக இருக்க வேண்டும். சர்க்கார் போன திசையோ வேறு. 2022இல் வந்த 152ஆம் எண் அரசாணை மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, வேலைகளை வெளி ஏஜென்சியிடம் விட வழி திறந்தது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கின. ஆளைக் குறைத்துவிட்டு, "பராமரிக்க ஆள் இல்லை, எனவே தனியார்" என்று பேசுவது, காலை ஒடித்துவிட்டுக் கட்டை வண்டி விற்க வருகிற கதை. தோட்டத் தொழிலாளியின் வேலை நிரந்தரமும் குழந்தையின் ஊஞ்சல் பாதுகாப்பும் ஒரே கோரிக்கை என்பதைச் சங்கத் தோழர்கள் தங்கள் பகுதித் தாய்மார்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. காமராஜ் ஆட்சிக் காலத்தில் 1959இல் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பூங்கா, திடல் ஒவ்வொன்றையும் பட்டியலில் ஏற்ற வேண்டும்; பட்டியலில் ஏறிய நிலத்தைச் சர்க்காரின் முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாது. 1991இல் சுப்ரீம் கோர்ட்டு பெங்களூர் வழக்கொன்றில் இன்னும் அழுத்தமாகப் பேசியது. ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரி கட்ட ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்திருந்தார்கள். செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வழக்குத் தொடுத்தவர்கள் பெரிய தலைவர்கள் அல்ல. அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள்.

ஆனால் இந்தச் சட்டம் காப்பது நிலத்தை. பூங்கா பூங்காவாகவே இருந்துகொண்டு, வாயிலில் டிக்கெட் மேஜை முளைத்தால்? பட்டியலில் 'பூங்கா' என்ற சொல் அழியாமல்தான் இருக்கும்; உள்ளே நுழைய முடியாதவன் மட்டும் மாறியிருப்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள், நாளைக்கு ஒரு மணி நேரம், மாதத்தில் இருபத்தைந்து நாள். சென்னையில் முதலில் நிர்ணயித்த ரூ.120 விகிதப்படி ஆறாயிரம் ரூபாய். எந்தத் தொழிலாளி கட்டுவான்? கட்ட மாட்டான். "கட்டணம் வைத்தபின் கூட்டம் குறைந்து பூங்கா சுத்தமாக இருக்கிறது" என்று பிறகு அறிக்கை எழுதுவார்கள்!

ஊஞ்சலைப் பற்றிப் பேசும்போது வேலை நேரத்தையும் பேசத்தான் வேண்டும். 2023 ஏப்ரல் 21இல் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வந்திருந்தால், மாலையில் பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும் தகப்பன் என்று ஒருவனே இருந்திருக்க மாட்டான். எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் இரத்தம் சிந்தியவர்கள் கேட்டது ஓய்வையும், தன் இஷ்டப்படி கழிக்க ஒரு மாலைப் பொழுதையும்.

உள்ளே யார் வருகிறார்கள் என்பதையும் கவனிக்காமல் விட முடியாது. காலனி மக்கள் வாழும் பகுதிக்குத் திடல் ஒதுக்காமல், ஊர்ப்பக்கப் பூங்காவை 'எல்லோருக்கும் பொது' என்று சொல்வது காகிதப் பொது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பெண் பிள்ளை பூங்காவில் காணாமல் போய்விடுகிறாள். விளக்கும் கழிப்பிடமும் இருந்தால் அவளும் வருவாள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை வாயிற்படியிலேயே நின்றுவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களைப் பற்றியும் பேசுகிறது. ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூட்டை சிமெண்டு ஆகிவிடும்?

தோழர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நகரங்களில் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் உண்டு. அந்த நவம்பர் 1இல் தமிழகமெங்கும் ஏரியா சபைகள் கூட்டப்பட்டன. பெரும்பாலோர் தெரு விளக்கும் சாக்கடையும் பேசிவிட்டுக் கலைகிறார்கள், அவையும் வேண்டியவைதான். அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெல்டர் ஒருவரையும் கொத்தனார் ஒருவரையும் தாய்மார் இருவரையும் அழைத்துக்கொண்டு உங்கள் வார்டுப் பூங்காவுக்குப் போங்கள். கம்பத்தின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். சங்கிலியின் கடைசி வளையத்தைப் பாருங்கள். சந்துகளை அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கேளுங்கள், எந்த ஊஞ்சலில் ஏறப் பயமாக இருக்கிறது என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். அந்தக் காகிதத்தைச் சபையில் படித்து, 1959 சட்டப்படி நம் நகரசபையின் பட்டியலில் எந்தெந்தப் பூங்கா ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் கட்டி, பட்டியலையும், எஸ்டிமேட்டையும், காண்ட்ராக்ட் நகலையும் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். காண்ட்ராக்ட் நகல் கைக்கு வந்ததும் 'பராமரிப்பு', 'உபயோகக் கட்டணம்' என்ற சொற்கள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று முதலில் தேடிப் பாருங்கள்.